மறுசோறு

மகளின் பள்ளியில் கொடுத்த தாள் இரண்டு பக்கம்தான். பெயர், வயது, உடன்பிறந்தவர்கள், வீட்டில் நாய் பூனை உண்டா, எதற்காவது ஒவ்வாமை உண்டா, என்னென்ன சாப்பிட மாட்டாய், வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா, வருகிற பிள்ளைக்குத் தனி அறையா அல்லது உன் அறையிலேயே ஒரு படுக்கையா, ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய், வீட்டில் பேசும் மொழி என்ன. பிரான்சில் ஒரு பள்ளியிலும் பிள்ளைகள் இதே மாதிரி ஒரு தாளை நிரப்புகிறார்கள். இரண்டு ஊர் ஆசிரியர்களும் உட்கார்ந்து ஜோடி சேர்க்கிறார்கள். பிறகு அங்கிருந்து ஒரு பிள்ளை வந்து எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கும். சில மாதம் கழித்து எங்கள் பிள்ளை போய் அவர்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கும். நம் ஊரில் ஜாதகம் பார்க்கிறவர்கூட இதைவிடக் கூடுதலாகக் கேட்பார்.

நாங்கள் இருப்பது ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் லுட்விக்ஸ்பர்க் என்ற ஊரில். வந்து 11 வருடம் ஆகிறது. வந்தபோது மகளுக்கு 2 வயது, இப்போது 13. மகன் இங்கேயே பிறந்தவன். நான் கார்களுக்குள் ஓடுகிற மென்பொருள் எழுதுகிறேன். இந்த மாநிலத்துக் கிம்னாசியம் பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் இரண்டாவது அந்நிய மொழி ஆரம்பிக்கும். மகள் பிரெஞ்சை எடுத்தாள். எடுத்த அன்றே இந்தப் பரிமாற்றப் பயணமும் அவள் தலையெழுத்தில் சேர்ந்துவிட்டது என்று எங்களுக்குத்தான் உறைக்கவில்லை. இங்கே அது சுற்றுலா மாதிரி சாதாரண விஷயம். என்னுடன் வேலை பார்க்கும் ஜெர்மானியரிடம் சொன்னபோது, தான் போன வீட்டில் காலையில் பெரிய கிண்ணத்தில் சாக்லெட் பாலை ஊற்றி அதில் ரொட்டியை முக்கித் தின்னக் கொடுத்ததை முப்பது வருடம் கழித்தும் கண்கள் விரியச் சொன்னார். அந்த வீட்டை முன்பின் தெரியுமா என்று கேட்டேன். கேள்வியே அவருக்குப் புரியவில்லை.

என் அப்பாவுக்குப் புரிந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து போனில் முதல் கேள்வியே அதுதான்.

“யாரு எவருன்னு விசாரிச்சியாப்பா?”

விசாரிப்பது என்பதை நாம் ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருக்கிறோம். ஒரு குடும்பத்தைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அந்தக் குடும்பத்தைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்போம். தெருமுனை டீக்கடை, ரேஷன் கடை வரிசை, சலூன், பால்காரர். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அப்பா அந்த ஊருக்குப் போய், வீட்டுக்குப் போகாமல், எதிரே இருந்த சைக்கிள் கடையில் ஒரு மணிநேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார். “பரவால்ல, வேலைக்கார அம்மா சிரிச்சுக்கிட்டே வெளிய வருது” என்று அம்மாவிடம் சொன்னார். நேராகக் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள் என்பது இதன் அடிப்படை நம்பிக்கை. இங்கே நிலைமை நேர் எதிர். மூன்று நான்கு மணிநேரப் பயணத் தொலைவில், மொழி தெரியாத ஊரில் எங்களுக்கு எந்த சைக்கிள் கடையும் கிடையாது. அவர்களிடமே கேட்க வேண்டும், அவர்கள் சொல்வதை நம்ப வேண்டும்.

மனைவி தன் பங்குக்கு கூகுள் வரைபடத்தில் அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்தாள். சின்ன வீடு, மங்கிய மஞ்சள் ஜன்னல் கதவுகள், தோட்டத்தில் பிள்ளைகள் குதிக்கும் டிராம்போலின், சுவரில் சாய்த்து வைத்த ஏணி. “ஏணிய வெளியவே போட்டு வச்சிருக்காங்க, திருட்டுப் பயம் இல்லாத ஊரு போல” என்றாள். சைக்கிள் கடைக்கு இது பேரப்பிள்ளை முறை.

அப்பா இரண்டாவதாகக் கேட்டதுதான் எனக்கு விளங்கவில்லை. “கேக்காம மறுசோறு போடுவாங்களா?”

என்னப்பா இது என்றேன். அப்போதுதான் அவர் கதையைச் சொன்னார். எனக்கு அரைகுறையாகத் தெரிந்த கதைதான். கிராமத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லை. 1966இல், 11 வயதில், அவரை அருப்புக்கோட்டையில் ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். தாத்தாவிடம் பருத்தி வாங்கும் வியாபாரி வீடு. சொந்தமில்லை, பந்தமில்லை. “நம்ம பையன் மாதிரி பாத்துக்கறேன்” என்ற ஒரு வாக்கு. அரிசிக்குத் திண்டாட்டமான காலம் அது. மூன்று வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டுப் படித்தார்.

“அந்த ஆச்சிய ஒரு குறை சொல்ல முடியாதுப்பா. சட்டை கிழிஞ்சா தச்சுக் குடுக்கும். காய்ச்சல்னா ராத்திரி முழிச்சிருந்து பாத்துக்கும். ஆனா சோறு போட்டுட்டு, ‘போதுமா தம்பி’ன்னு கேக்கும். போதும்னுருவேன். எங்கம்மா என்னைக்கி போதுமான்னு கேட்டுச்சு? அது பாட்டுக்குப் போடும்.”

மூன்று வருடம், ஒரு நாள்கூட ‘இன்னும் கொஞ்சம்’ என்று அவர் வாயால் சொன்னதில்லை. அந்த ஆச்சிக்கு இது தெரிந்திருக்கவே முடியாது. பையனுக்கு வயிறு சின்னது என்று நினைத்திருக்கும். இதை அவர் என்னிடம் புகாராகச் சொல்லவில்லை. 13 வயதுப் பேத்தி அடுத்த வீட்டில் சாப்பிடப் போகிறாள் என்றதும் அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு பசி தானாக எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஊர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மகள் போகப்போகும் ஊர் மோன்பெலியார், சுவிட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில். பியூஜோ கார் தொழிற்சாலை இருக்கிற சோஷோ அதை ஒட்டித்தான் இருக்கிறது. லுட்விக்ஸ்பர்க்குக்கும் மோன்பெலியாருக்கும் உள்ள உறவு விசித்திரமானது. 1397இல் மோன்பெலியாரின் வாரிசுப் பெண்ணான ஹென்றியெட்டை இந்தப் பக்கத்து வூர்ட்டம்பர்க் குடும்பத்துப் பையனுக்கு நிச்சயம் செய்தார்கள். இருவருமே சிறுபிள்ளைகள். அந்தச் சம்பந்தத்தால் பிரெஞ்சு பேசும் அந்த ஊர் 1793 வரை, ஏறக்குறைய 400 வருடம், வூர்ட்டம்பர்க்கோடு சேர்ந்திருந்தது. அழிந்துபோன உயிரினங்களை எலும்பைப் பார்த்து அடையாளம் சொன்ன ஜார்ஜ் கூவியே அந்த ஊரில் பிறந்தவர்தான். 1784இல், 15 வயதுகூட நிரம்பாத நிலையில், படிக்க ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்பினார்கள். அவரும் ஒருவகையில் பரிமாற்றப் பிள்ளைதான், என்ன, தாள் நிரப்பாமல் வந்தவர்.

ஆனால் இன்றைய உறவு அதிலிருந்து வந்ததல்ல. 1950இல், போர் முடிந்து ஐந்தே வருடத்தில், இந்த இரண்டு ஊர்களும் தோழமை ஊர்கள் ஆயின. போருக்குப் பிறகு ஒரு ஜெர்மன் ஊரும் ஒரு பிரெஞ்சு ஊரும் அப்படிக் கைகோத்தது அதுதான் முதல் தடவை. மோன்பெலியாரில் அதை முன்னின்று நடத்திய மேயர் லூசியன் தாராதின். ஜெர்மானியரை எதிர்த்து ரகசிய இயக்கத்தில் இருந்தவர், பிடிபட்டு புஹென்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு உயிரோடு திரும்பியவர். திரும்பியவர் செய்த வேலை இது. 1962 செப்டம்பர் 9 அன்று சார்லஸ் டி கால் இங்கே வந்து, லுட்விக்ஸ்பர்க் அரண்மனை முற்றத்தில் ஜெர்மானிய இளைஞர்களிடம் ஜெர்மன் மொழியிலேயே, மனப்பாடம் செய்து, பேசினார். அடுத்த ஜனவரியில் எலிசே ஒப்பந்தம். அதே 1963இல் பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகம். அது தொடங்கிய நாளிலிருந்து 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளையவர்கள் இப்படிப் போய் வந்திருக்கிறார்கள்.

ஒப்பந்தங்களில் தலைவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். படுக்கையை விரித்துப் போட்டது யாரோ ஒரு அம்மா. அண்ணனைச் சுட்டவர்களின் ஊரிலிருந்து வருகிற பிள்ளைக்குச் சூப் ஊற்றியவர்கள், தன் பிள்ளையை அந்த ஊருக்கு ரயிலேற்றியவர்கள். அவர்கள் என்ன விசாரித்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிக்கிறேன். ‘போரில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்’ என்று கேட்டிருப்பார்களா, கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று விட்டிருப்பார்களா? எங்கள் தாளில் சிகரெட்டும் பூனையும் மட்டும் இருப்பதே எவ்வளவு பெரிய சொகுசு.

அந்தத் தாளைக் கொடுப்பதற்கு முன் மனைவிதான் கடைசியாகப் படித்தாள். படித்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள். ‘வீட்டில் பேசும் மொழி’ என்ற இடத்தில் மகள் ‘ஜெர்மன்’ என்று எழுதியிருந்தாள்.

“இது என்ன?”

மகள் தயாராகத்தான் இருந்தாள். “அம்மா, அவங்க ஜெர்மன் கத்துக்கத்தான் வர்றாங்க. தமிழ்னு போட்டா என்னை யாரும் எடுக்க மாட்டாங்க. கடைசியில யாருக்கும் ஜோடி இல்லாத பிள்ளையா நிப்பேன்.”

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தாளை அப்படியே மடித்துக் கொடுத்துவிட்டாள். அன்று இரவு பாத்திரம் விளக்குகிற சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது. எனக்கு மகள்மேல் கோபம் வரவில்லை. 13 வயதில் அவள் போட்ட கணக்கு தவறான கணக்கும் இல்லை. ஒரு பிரெஞ்சுக் குடும்பம் ‘ஜெர்மன் குடும்பம்’ என்று மனதில் என்ன படம் வைத்திருக்கும்? சாயங்காலம் ஆறு மணிக்கு ரொட்டி, வெண்ணெய், வெட்டிவைத்த வெள்ளரிக்காய். எங்கள் வீட்டில் எட்டரைக்கு தோசைக்கல் சூடாகும். ஒரு வாரம் செலவழித்து வருகிற பிள்ளை, காசு கட்டிய பெற்றோர், அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறதே.

ஜோடி அமைந்தது. மகளைவிட ஒரு வயது பெரிய பெண், ஒரு அண்ணன், ஒரு பூனை. பிள்ளைகள் இருவரும் செல்போனில் இருபது நிமிடத்தில் பழகிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு முழு இருட்டில் தூக்கம் வராது என்பதும், பூனை யார் மடியில் மட்டும் உட்காரும் என்பதும், பிஸ்கட்டை எங்கே ஒளித்து வைப்பார்கள் என்பதும் ஒரே வாரத்தில் மகளுக்குத் தெரிந்திருந்தது. பெற்றோர்கள் நாங்கள்தான் ‘வணக்கம், மிக்க மகிழ்ச்சி’யில் நின்றுகொண்டிருந்தோம். நான் கேட்க வேண்டியவற்றை வரிசையாகக் கணினியில் ஒரு அட்டவணையாகப் போட்டு வைத்தேன். 43 கேள்விகள். மனைவி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நீங்க என்ன அவங்கள வேலைக்கா எடுக்கப் போறீங்க?” என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினோம். அந்த அம்மா மருத்துவமனையில் நர்ஸ். அவருக்கு ஜெர்மன் தெரியாது, ஆங்கிலம் கொஞ்சம்தான். எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆகவே இரண்டு பெண்பிள்ளைகளும்தான் மொழிபெயர்ப்பாளர்கள். மனைவி சுற்றி வளைக்கவில்லை. “யார் யார் எங்க படுப்பாங்கன்னு கேளு. அண்ணனோட ரூம் எங்கன்னு கேளு” என்றாள். மகள் கூசிப்போனாள், ஆனால் கேட்டாள். நான் ஏதோ சமாதானமாகச் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த அம்மா போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மாடிப்படி, மகள் அறை, இரண்டாவது கட்டில், தாழ்வாரத்தின் அந்தக் கடைசியில் பையனுடைய அறை. குளியலறைக்குள் போய், கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து காட்டினார். இரண்டு தடவை. பிறகு உட்கார்ந்து, இப்போது நீங்கள் காட்டுங்கள் என்று கையால் சைகை செய்தார். மனைவிக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துவிட்டது. அரிசி மூட்டை, சாமி அலமாரி, காயப்போட்ட துணி எல்லாவற்றையும் தாண்டி அவளும் எங்கள் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினாள். சைக்கிள் கடையில் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தாலும் இது கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து உட்காரும்போது, “என்னங்க, கேமராவ கொஞ்சம் தூக்கி வைங்க, நெத்திதான் தெரியுது” என்றாள் மனைவி. அந்த அம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். பிரெஞ்சில் ஏதோ கேட்டார். மகள் மொழிபெயர்க்கவில்லை. மேசையைப் பார்த்தாள். அவள் நினைத்திருந்தால் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அந்த அறையில் எங்கள் பக்கம் அவளைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது.

“வீட்ல என்ன மொழி பேசுவீங்கன்னு கேக்கறாங்கம்மா.”

“தமிழ்னு சொல்லு.”

மகள் சொன்னாள். ‘தமூல்’ என்று அவள் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

“சாப்பிடறப்ப எல்லாரும் தமிழ், நீயும் தம்பியும் பேசிக்கிறது ஜெர்மன், அதையும் சொல்லு. அப்புறம், எங்க வீட்ல தட்டு காலியானா கேக்காமப் போட்டுருவோம், வேணாம்னா கூச்சப்படாமச் சொல்லணும்னு அந்தப் பிள்ளைட்ட சொல்லு.”

அந்தப் பக்கம் தலையாட்டினார்கள், சிரித்தார்கள், நன்றி சொன்னார்கள். திரை அணைந்தது. அதன்பிறகு இரண்டு நாள் ஒரு செய்தியும் இல்லை. பிள்ளைகளுக்குள் ஓயாமல் போய்க்கொண்டிருந்த போட்டோக்களும் நின்றுவிட்டன. “நான் சொன்னேன்ல” என்று மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் மனைவியும் இரவில் இருட்டில் பேசிக்கொண்டிருந்தோம். நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டுப் பார்த்தேன். மகளை பிரெஞ்சு படிக்க ஒரு வீட்டுக்கு அனுப்பி, அந்த வீட்டில் வேறு ஏதோ மொழி என்று தெரிந்தால் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட மாட்டேனா? போடுவேன் என்றுதான் தோன்றியது. “கேட்டாங்க பாருங்க, அது போதும்” என்றாள் மனைவி. கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொள்கிறவர்களோடு 11 வருடம் பக்கத்து வீட்டில் இருந்திருக்கிறோம், அதனால் அவள் சொன்னது எனக்கு விளங்கியது. இருந்தாலும் அவளும் தூங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் செய்தி வந்தது. அம்மாவுக்குத் தொடர்ந்து இரவுப் பணி, அந்தப் பெண்ணின் போன் தண்ணீரில் விழுந்து ரிப்பேர். அவ்வளவுதான் விஷயம். மொழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அண்ணன் போனிலிருந்து அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். ‘போதும்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்ல வேண்டும்?

“சொல்லிக் குடுக்காத” என்றாள் மனைவி. ஆனால் மகள் ஏற்கெனவே குரலைப் பதிவு செய்து அனுப்பிவிட்டாள். பதிலுக்கு அங்கிருந்து ‘பொத்தூம்’ என்று வந்தது. நாலைந்து தடவை திருத்தியும் கடைசி எழுத்தில் அந்த நீட்டல் போகவில்லை. அந்தத் தாளில் இன்னும் ‘ஜெர்மன்’தான் இருக்கிறது. மாற்றச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை, அவளும் மாற்றவில்லை.

அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே கேட்காமல் மறுசோறு போடுவார்களா என்று மகளிடமே கேட்டேன். அவள் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை இதைத் தனியாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார். பிரெஞ்சு வீட்டில் பாத்திரத்தை நீட்டி இன்னும் வேண்டுமா என்று கேட்பார்கள். அப்போது பழக்கதோஷத்தில் ‘மெர்சி’ என்று சொல்லிவிடக் கூடாது. நன்றி என்று அர்த்தம்தான், ஆனால் அந்த இடத்தில் சொன்னால் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு பாத்திரத்தை நகர்த்திவிடுவார்கள். மரியாதையாகச் சொன்ன வார்த்தையால் பட்டினி கிடந்த பிள்ளைகள் போன வருடமும் உண்டாம். வேண்டுமென்றால் வேண்டும் என்றே சொல்ல வேண்டும்: “வி, ஜ வ பியான்.”

இதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை, போனை அவளிடமே கொடுத்துவிட்டேன். அவள் எல்லாவற்றையும் விளக்கினாள். அப்பா நடுவில் ஒன்றும் பேசவில்லை.

“அதைச் சொல்லு பாப்போம்.”

“வி, ஜ வ பியான்.”

“அப்படின்னா?”

“இன்னும் கொஞ்சம் போடுங்கன்னு அர்த்தம் தாத்தா.”

“கூச்சப்படாமச் சொல்லுவியா?”

“இதுல என்ன தாத்தா கூச்சம்?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் குரல் வந்தது. “இன்னொருக்கச் சொல்லு” என்றார்.